ஆய்வுப் பட்டமும் காலக் கெடுவும்

நமது நாட்டில் உயர்கல்வியின் வளர்ச்சியைக் கணக்கிடும்போது பெரும்பாலும் சேர்க்கை எண்ணிக்கையே அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. 2014-15-ஆம் ஆண்டில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்திருந்தோர் ஏறத்தாழ 1.17 இலட்சம் பேர். 2021-22-ஆம் ஆண்டில் இத்தொகை 2.12 இலட்சமாக உயர்ந்தது என்று அனைத்திந்திய உயர்கல்வி ஆய்வறிக்கை தெரிவிக்கிறது. ஏழு ஆண்டுகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட இவ்வளர்ச்சி மகிழ்ச்சிக்குரியதே. எனினும், பதிவு செய்தவர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அடுத்து எழ வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அவர்களுள் உரிய காலத்தில் ஆய்வேட்டை ஒப்படைத்துப் பட்டம் பெறுவோர் எத்தனை பேர் என்பதே அது.

பட்டத்தை முடிப்பதற்கான விதிகளை மாணவர்கள் பலர் சேரும்போது படிப்பதில்லை. கெடு நெருங்கும்போதுதான் தேடிப் படிக்கின்றனர். விதிகளை நடைமுறைப்படுத்தும் அலுவலகங்களிலும் சில வேளைகளில் இதே நிலை காணப்படுகிறது. ஆகவே, தற்போது நடைமுறையில் உள்ள விதிகள் யாவை, அவை எவ்வாறு உருவாயின, அவற்றின் பொருளாதார விளைவுகள் எத்தகையவை என்பவற்றைத் தொகுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்ட அடிப்படை

அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், மத்தியப் பட்டியலின் 66-ஆம் பதிவு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் தரத்தை நிர்ணயிக்கும் பொறுப்பையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பையும் மத்திய அரசிடம் ஒப்படைத்துள்ளது. கல்வி என்னும் பொருள் 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தினால் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. தரத்தை நிர்ணயிக்கும் பணியோ தொடக்கத்திலிருந்தே மத்தியப் பட்டியலில் இருந்து வருகிறது.

இப்பணியை ஆற்றுவதற்காகப் பல்கலைக் கழக மானியக் குழு 1953-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அது சட்டபூர்வமான அமைப்பாயிற்று. ரிசர்வ் வங்கியின் ஆளுநராகவும் நிதியமைச்சராகவும் இருந்த சி.டி. தேஷ்முக் 1956 முதல் 1961 வரை அதன் தலைவராக விளங்கினார். அச்சட்டத்தின் 22-ஆவது பிரிவு, பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை வரையறுக்கிறது. 26-ஆவது பிரிவு, தரம் பற்றிய ஒழுங்குமுறைகளை வகுக்கும் அதிகாரத்தைக் குழுவுக்கு அளிக்கிறது. முனைவர் பட்டத்திற்கான ஒழுங்குமுறைகள் இவ்வதிகாரத்தின் கீழ் வகுக்கப்பட்டு, அரசிதழில் வெளியிடப்பட்டவையாகும்.

இங்கு ஒரு வேறுபாட்டை நினைவிற்கொள்ளல் வேண்டும். மானியக் குழு குறைந்தபட்சத் தரத்தையே வகுக்கிறது. பட்டத்தை வழங்குவது பல்கலைக் கழகம். ஆகவே ஒவ்வொரு பல்கலைக் கழகமும் தனது கல்விக் குழுவின் வாயிலாகத் தனி விதிகளை இயற்றிக்கொள்கிறது. அவ்விதிகள் மானியக் குழு வகுத்த தரத்திற்குக் கீழே செல்லலாகாது. அதற்கு மேலே சென்று கூடுதல் நிபந்தனைகளை விதிக்கலாம். மாணவர் படிக்க வேண்டியவை இரண்டு ஆவணங்கள் என்பது இதனால் விளங்கும்.

விதிகள் வளர்ந்த வழி

நீண்ட காலம் முனைவர் பட்டத்திற்கு நாடு முழுமைக்கும் பொதுவான விரிவான விதிகள் இல்லை. ஒரு பல்கலைக் கழகத்தில் நெறியாளரின் ஒப்புதல் ஒன்றே சேர்க்கைக்குப் போதுமானதாக இருந்தது. மற்றொன்றில் நுழைவுத் தேர்வு இருந்தது. கால வரம்பும் இடத்திற்கு இடம் மாறுபட்டது.

இந்நிலையை மாற்றியது 2009-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை. நுழைவுத் தேர்வு, பாடப் பணி, ஒரு நெறியாளரின் கீழ் பயிலக்கூடிய மாணவர் தொகைக்கு உச்ச வரம்பு ஆகியவற்றை அது நாடு முழுவதற்கும் பொதுவாக்கிற்று. ஆய்வேடுகளை மின்வடிவில் பொது இருப்பகத்தில் சேர்க்கும் ஏற்பாடும் அதில் இடம் பெற்றது. இதன் பயனாகக் காந்தி நகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் 'சோத்கங்கா' இருப்பகத்தில் இன்று பல இலட்சம் ஆய்வேடுகளை எவரும் கட்டணமின்றிப் படிக்க முடிகிறது.

2016-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை, முனைவர் பட்டத்திற்குக் குறைந்தது மூன்று ஆண்டு, மிகுதியாக ஆறு ஆண்டு என்று கால வரம்பை நிர்ணயித்தது. ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் ஆய்விதழில் ஒரு கட்டுரையேனும் வெளியிட்டிருக்க வேண்டும், கருத்தரங்குகளில் இரு கட்டுரைகள் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அப்போது விதிக்கப்பட்டது.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 2022-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் புதிய ஒழுங்குமுறை அரசிதழில் வெளியாயிற்று. எம்.ஃபில். பட்டம் கைவிடப்பட்டது. கட்டுரை வெளியிட்டிருத்தல் கட்டாயம் என்ற நிபந்தனையும் நீக்கப்பட்டது. கட்டணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் பெருகியதைக் கண்டோர் இம்மாற்றத்தின் தேவையை உணர்வர். எனினும், தனி விதியால் இந்நிபந்தனையைத் தொடர்ந்து வைத்திருக்கும் பல்கலைக் கழகங்களும் இருக்கக்கூடும் ஆதலின், மாணவர் தம் நிறுவனத்தின் விதியைப் பார்த்துத் தெளிவு பெறுதல் நலம்.

2009-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைக்குப் பின்னும், 2022 நவம்பர் 7-ஆம் நாளுக்கு முன்னும் பதிவு செய்தவர்களுக்கு 2009-ஆம் ஆண்டு அல்லது 2016-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையே பொருந்தும். எனவே, பதிவு நாள் எது என்பதே ஒருவருடைய உரிமைகளையும் கடமைகளையும் அறுதியிடும் முதற் செய்தியாகும்.

நுழைவுத் தகுதி

மூன்றாண்டு இளநிலைப் பட்டத்திற்குப் பின் இரண்டாண்டு முதுநிலைப் பட்டமோ, நான்காண்டு இளநிலைப் பட்டத்திற்குப் பின் ஓராண்டு முதுநிலைப் பட்டமோ பெற்று, அதில் குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றோர் முனைவர் பட்டச் சேர்க்கைக்குத் தகுதியுடையோர் ஆவர். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினரில் வளமான பிரிவைச் சேராதோர், மாற்றுத் திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு மதிப்பெண் பெற்றோர் முதுநிலைப் பட்டமின்றியே நேரடியாகச் சேரலாம் என்பது 2022-ஆம் ஆண்டின் முக்கியமான புதுமை.

சேர்க்கை இரு வழிகளில் நடைபெறுகிறது. தேசியத் தகுதித் தேர்வாகிய 'நெட்' தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்றோர் நேர்முகத் தேர்வின் வாயிலாகச் சேர்க்கப்படலாம். பல்கலைக் கழகம் தானே நுழைவுத் தேர்வு நடத்துமாயின், வினாத்தாளில் பாதி ஆராய்ச்சி முறையியலிலும் பாதி பாடப் பொருளிலும் அமைதல் வேண்டும். அவ்வழியில் தேர்வுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்ற விகிதத்தில் மதிப்பளிக்கப்படும். 2024-ஆம் ஆண்டு ஜூன் முதல், தனித்தனி நுழைவுத் தேர்வுகளுக்குப் பதிலாக நெட் மதிப்பெண்ணையே பயன்படுத்த வழி செய்யப்பட்டது. உதவித்தொகைக்குத் தகுதி பெறாது, சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறுவோரின் மதிப்பெண் ஓராண்டுக்கே செல்லும். இக்காலத்தைத் தவற விடுவோர் மீண்டும் தேர்வெழுத நேரிடும்.

தொலைநிலைக் கல்வி வாயிலாகவோ இணைய வழியாகவோ முனைவர் பட்டம் வழங்குவதற்கு அனுமதியில்லை. இதனை அறியாது, விளம்பரங்களை நம்பிப் பணமும் ஆண்டுகளும் இழப்போர் உள்ளனர். பணியிலிருப்போர் இதனைச் சிறப்பாக மனத்திற் கொள்ளல் வேண்டும்.

பாடப் பணி

ஆய்வு மாணவர் தம் ஆய்வைத் தொடங்கும் முன் பாடப் பணியை முடித்தல் வேண்டும். இதற்குக் குறைந்தது 12 மதிப்பலகுகள் வரையறுக்கப்பட்டுள்ளன. ஆராய்ச்சி மற்றும் வெளியீட்டு அறநெறி பற்றிய பாடம் இதில் கட்டாயம் இடம் பெறும். 55 விழுக்காடு மதிப்பெண்ணோ அதற்கு இணையான தரமோ பெற்றாலன்றி ஆய்வைத் தொடரவும் ஆய்வேட்டை ஒப்படைக்கவும் இயலாது. இவையன்றி, ஆய்வு மாணவர்க்குக் கற்பித்தலில் பயிற்சி அளிக்கப்படுதல் வேண்டும் என்றும், வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் வரை பயிற்சி வகுப்பு, ஆய்வுக்கூடம், விடைத்தாள் மதிப்பீடு போன்ற பணிகள் தரப்படலாம் என்றும் ஒழுங்குமுறை கூறுகிறது. 6 மணி என்பது மேல் வரம்பு. துறையின் கற்பித்தற் சுமை முழுவதையும் ஆய்வு மாணவர் தலையில் ஏற்றுவது இவ்விதியின் நோக்கத்திற்கு மாறானதாகும்.

நெறியாளரும் ஆலோசனைக் குழுவும்

ஒரு நெறியாளர் ஒரே காலத்தில் வழிகாட்டக்கூடிய மாணவர் தொகை, பேராசிரியர்க்கு 8, இணைப் பேராசிரியர்க்கு 6, உதவிப் பேராசிரியர்க்கு 4 என்று வரையறுக்கப்பட்டுள்ளது. வெளிநாட்டு மாணவர் இருவரை இதற்கு மேலும் ஏற்கலாம். நெறியாளர் நிரந்தர ஆசிரியராக இருத்தல் வேண்டும். முனைவர் பட்டம் பெற்றிருப்பதுடன், பேராசிரியரும் இணைப் பேராசிரியரும் ஐந்து ஆய்வுக் கட்டுரைகளேனும், உதவிப் பேராசிரியர் மூன்றேனும் வெளியிட்டிருத்தல் வேண்டும். ஓய்வு பெற மூன்றாண்டுக்கும் குறைவாகவே உள்ளவர் புதிய மாணவரை ஏற்கலாகாது. ஏற்கெனவே உள்ள மாணவர்க்கு ஓய்வு வரை நெறியாளராகவும், பின்னர் 70 வயது வரை இணை நெறியாளராகவும் தொடரலாம்.

இவ்வெண்களின் பொருளாதாரப் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு பேராசிரியர், இரண்டு இணைப் பேராசிரியர், நான்கு உதவிப் பேராசிரியர் கொண்ட துறை ஒன்றைக் கொள்வோம். அத்துறையின் முழு இடவசதி 8, 12, 16 ஆக 36 ஆகும். மாணவர் ஒவ்வொருவரும் சராசரியாக நான்கு ஆண்டுகளில் முடித்து வெளியேறினால், ஆண்டுதோறும் 9 புதிய மாணவர்க்கு இடமுண்டு. சராசரிக் காலம் ஆறு ஆண்டாயின் 6 பேருக்கே இடமுண்டு. எட்டு ஆண்டாயின் ஆண்டுக்கு ஐந்து பேரைக்கூடச் சேர்க்க இயலாது. ஒரு மாணவரின் காலதாமதம் அவருடைய சொந்த இழப்பு மட்டுமன்று. வாயிலில் காத்திருக்கும் மற்றொருவரின் இழப்பும் ஆகும். இருப்பும் பாய்வும் பற்றிப் பொருளியலில் கற்கும் பாடமே இங்கும் பொருந்துகிறது.

இவ்வெடுத்துக்காட்டில் நான்கு உதவிப் பேராசிரியர் பணியிடங்களும் காலியாக இருந்து, கௌரவ விரிவுரையாளரைக் கொண்டு வகுப்புகள் நடைபெறுமானால் என்னாகும்? வகுப்பறையில் குறை தெரியாது. ஆனால் அவர்கள் நிரந்தர ஆசிரியர் அல்லராதலின் நெறியாளராக இயலாது. துறையின் ஆய்விடங்கள் 36-இலிருந்து 20 ஆகக் குறைந்துவிடும். ஆசிரியர் நியமனத்தைத் தள்ளிப்போடுவதால் ஏற்படும் சிக்கனம் ஆராய்ச்சியில் இத்தகைய செலவை விளைவிக்கிறது என்பதை நிதித் துறையினர் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

ஒவ்வொரு மாணவர்க்கும் ஓர் ஆய்வு ஆலோசனைக் குழு அமைக்கப்படும். ஆய்வுத் திட்டத்தைப் பரிசீலித்துத் தலைப்பை முடிவு செய்தல், ஆய்வு முறையை வகுக்க உதவுதல், முன்னேற்றத்தை அவ்வப்போது மதிப்பிடுதல் ஆகியவை அதன் பணிகள். மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் குழுவின் முன் தோன்றித் தம் பணியை விளக்க வேண்டும். முன்னேற்றம் நிறைவளிக்காவிடில், குழு அதற்கான காரணங்களைப் பதிவு செய்து, திருத்தும் வழிகளைக் கூற வேண்டும். அவற்றையும் மாணவர் நிறைவேற்றாதபோது, குறிப்பான காரணங்களுடன் பதிவை நீக்கப் பரிந்துரைக்கலாம்.

இவ்விதி இருபுறமும் கூர்மையுடையது. பருவந்தோறும் முன்னேற்ற அறிக்கையை எழுத்தில் அளித்து, அதன் படியையும் குழுவின் குறிப்பையும் பாதுகாத்து வைக்கும் மாணவரை எவரும் திடீரென்று வெளியேற்ற இயலாது. குழு கூடாமலே கூடியதாகக் கையொப்பம் பெறும் வழக்கம் எங்கேனும் இருக்குமானால், அதனால் இறுதியில் பாதிக்கப்படுபவர் மாணவரே.

காலக் கணக்கும் பணக் கணக்கும்

பாடப் பணி உட்பட மூன்று ஆண்டு குறைந்தபட்சக் காலம். சேர்ந்த நாளிலிருந்து ஆறு ஆண்டு உச்சக் காலம். அதற்கு மேல் மறுபதிவின் வாயிலாக இரண்டு ஆண்டு வரை நீட்டிப்புத் தரலாம். ஆனால் மொத்தம் எட்டு ஆண்டைக் கடத்தலாகாது. மகளிர்க்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் இயலாமையுடைய மாற்றுத் திறனாளிகட்கும் மேலும் இரண்டு ஆண்டு தளர்வு உண்டு. அவர்களுக்கு மொத்தம் பத்து ஆண்டு.

2024 ஆகஸ்டில் சேர்ந்த ஒருவரைக் கொள்வோம். 2027 ஆகஸ்டுக்கு முன் அவர் பட்டத்திற்குரிய காலத்தை நிறைவு செய்தவராகார். 2030 ஆகஸ்டில் வழக்கமான காலம் முடிகிறது. மறுபதிவு கிடைத்தால் 2032 வரையிலும், தளர்வுக்குரியவராயின் 2034 வரையிலும் நீளும். மறுபதிவு தானாக வருவதன்று. காலம் முடியுமுன் விண்ணப்பித்து, ஆணை பெறுதல் வேண்டும்.

இனிப் பணக் கணக்கைப் பார்ப்போம். 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த வீதப்படி, இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் ரூ. 37,000, முதுநிலை உதவித்தொகை ரூ. 42,000. முதல் இரண்டு ஆண்டு இளநிலையும், மதிப்பீட்டிற்குப் பின் மூன்று ஆண்டு முதுநிலையும் ஆக மொத்தம் ஐந்து ஆண்டு. இவ்வீதத்தில் 24 மாதத்துக்கு ரூ. 8,88,000. 36 மாதத்துக்கு ரூ. 15,12,000. கூட்டினால் சரியாக ரூ. 24 இலட்சம். வீட்டு வாடகைப் படியும் இதரச் செலவினங்களுக்கான தொகையும் இதில் சேரவில்லை.

இக்கணக்கிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஐந்தாம் ஆண்டின் இறுதியில் ஆய்வைக் கைவிடும் ஒருவர்மீது பொதுப்பணம் ஏறத்தாழ கால் கோடி ரூபாய் செலவாகியிருக்கும். இரண்டாவது, உதவித்தொகை ஐந்தாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. விதி அனுமதிக்கும் காலமோ ஆறு ஆண்டு. மேற்கண்ட மாணவர் சேர்ந்த மாதமே உதவித்தொகை பெறத் தொடங்கியிருந்தால், 2029 ஆகஸ்டுக்குப் பின் அவருக்கு வருமானம் இராது. ஆய்வேட்டை எழுதி முடிக்க வேண்டிய அந்த ஓராண்டில்தான் அவர் வேலை தேடிச் செல்ல வேண்டியவராகிறார். தற்காலிகப் பணியொன்றில் அமர்ந்தபின் எழுத்து வேலை மாலை நேரத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் தள்ளப்படுகிறது. ஆறாம் ஆண்டு எட்டாம் ஆண்டாகிறது. திட்டமிடுவோர் கவனிக்க வேண்டிய இடைவெளி இதுவேயாகும்.

பதிவு செய்தோர் அனைவரும் இவ்வுதவித்தொகையைப் பெறுபவர் அல்லர். பல்கலைக் கழகம் தரும் சிறு தொகையைக் கொண்டோ, ஒரு தொகையுமின்றியோ பயில்வோரும் உளர். அவர்களுக்குக் காலதாமதத்தின் சுமை முழுவதும் குடும்பத்தின் மீதே விழுகிறது.

மகளிர் ஆய்வாளர்

முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்த மகளிர் தொகை 2014-15-இல் 0.48 இலட்சம். 2021-22-இல் 0.99 இலட்சம். இருமடங்குக்கும் மேற்பட்ட இவ்வுயர்வு பெருமைக்குரியது. இவர்களுக்காக மூன்று ஏற்பாடுகள் விதிகளில் உள்ளன. முன்னர்க் கூறிய இரண்டாண்டுத் தளர்வு ஒன்று. ஆய்வுக் காலம் முழுவதிலும் 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு இரண்டாவது. திருமணம் முதலிய காரணங்களால் வேறிடம் செல்ல நேர்ந்தால், அதுவரை செய்த ஆய்வின் தரவுகளுடன் வேறு நிறுவனத்திற்கு மாறிச் செல்லும் உரிமை மூன்றாவது. முன்னைய நிறுவனத்திற்கு வழங்கப்பட்ட தனித் திட்டத்தைச் சார்ந்த ஆய்வாக அது இருத்தலாகாது என்பது இதற்கு நிபந்தனை.

மூன்றாவது ஏற்பாடு பலருக்குத் தெரியாது. இடம் மாறியதும் 'எல்லாம் போயிற்று' என்றெண்ணி ஆய்வை விட்டுவிடுவோர்க்கு, தொடரும் வழி விதியிலேயே இருக்கிறது என்பதை எடுத்துரைக்க வேண்டியது பல்கலைக் கழக அலுவலகங்களின் கடமையாகும்.

பணியிலிருந்து பயில்வோர்

பகுதி நேர முனைவர் பட்டப் படிப்பு அனுமதிக்கப்பட்டுள்ளது. பணியாற்றும் நிறுவனத்திடமிருந்து தடையின்மைச் சான்று பெறுதல் வேண்டும். பகுதி நேரமாகப் பயில அனுமதி அளிக்கப்படுகிறது, ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்கப் பணிகள் இடமளிக்கும், தேவையாயின் பாடப் பணியை முடிக்க அவர் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்னும் மூன்று உறுதிகள் அச்சான்றில் இருத்தல் வேண்டும்.

இம்மூன்றாவது உறுதியின் அருமையை நான் சொந்த அனுபவத்தில் அறிந்தவன். 1990-களின் இறுதியில், அரசுப் பணியில் இருந்தவாறே, ஊரகக் கடன் பற்றிய ஆய்வுக்கு ஒரு பல்கலைக் கழகத்தில் பகுதி நேரமாகப் பதிவு செய்தேன். இரண்டு ஆண்டுகளில் களப்பணியை முடித்தேன். பின்னர் அடுத்தடுத்து இரு முறை ஊர் மாற்றம் ஏற்பட்டது. முன்னேற்ற அறிக்கை அனுப்புமாறு எவரும் கேட்கவில்லை. கேளாததால் நானும் அனுப்பவில்லை. பதிவு காலாவதியாயிற்று என்னும் கடிதம் எனது பழைய முகவரிக்குச் சென்று, பல மாதங்கள் கழித்து என் கைக்கு வந்தது. நிரப்பப்பட்ட வினாப் பட்டியல் கட்டுகள் இரண்டு இன்றும் என் வீட்டில் உள்ளன. தங்கள் கடன் சுமையை ஓர் அந்நியனிடம் நம்பிச் சொன்ன சிற்றூர் மக்களின் விடைகள் அவற்றில் இருக்கின்றன. அவை ஒரு பயனும் தராமற் போயின என்பதே எனக்குள்ள வருத்தம்.

குறை என்னுடையதே. ஆயினும், பருவந்தோறும் குழுவின் முன் தோன்ற வேண்டும் என்ற இன்றைய விதி அன்று இருந்திருக்குமாயின், இரண்டாம் ஆண்டிலேயே எச்சரிக்கை பெற்றிருப்பேன். விதிகள் மாணவரைக் கட்டுப்படுத்துவதற்கென்றே ஏற்பட்டவை என்று கருதுவோருக்காக இதனைக் குறிப்பிடுகின்றேன்.

ஒப்படைப்பும் மதிப்பீடும்

ஆய்வு முடிந்ததும், மாணவர் ஆலோசனைக் குழுவின் முன் தம் முடிவுகளை எடுத்துரைக்க வேண்டும். துறையின் ஆசிரியரும் ஏனைய ஆய்வு மாணவரும் இதில் கலந்துகொள்ளலாம். அங்கு எழும் கருத்துகளுக்கேற்பத் திருத்திய பின்னரே ஆய்வேடு ஒப்படைக்கப்படும்.

இக்கட்டத்தில் 2018-ஆம் ஆண்டின் மற்றோர் ஒழுங்குமுறை குறுக்கிடுகிறது. பிறர் எழுத்தைத் தம் எழுத்தாகக் காட்டுவதைத் தடுப்பதற்கான அவ்விதிப்படி, ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டமில்லை. 10-க்கு மேல் 40 வரை இருந்தால், ஆறு மாதத்துக்கு மேற்படாத குறிப்பிட்ட காலத்தில் திருத்தி அளிக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை இருந்தால், ஓராண்டுக்குத் திருத்திய படியை அளிக்க இயலாது. 60-க்கு மேற்பட்டால் பதிவு நீக்கப்படும். உரிய முறையில் சுட்டிக்காட்டப்பட்ட மேற்கோள்கள், நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, சட்டங்கள், சமன்பாடுகள் போன்றவை இக்கணக்கில் சேரா. இதனை அறியாத மாணவர் முறையான மேற்கோள்களைக்கூட அஞ்சி நீக்குகின்றனர். அறிந்தும் பிறர் உழைப்பை எடுத்தாள்வோர் சொற்களை மட்டும் மாற்றித் தப்ப முயல்கின்றனர். கருவி காட்டும் விழுக்காடு நேர்மைக்கு ஈடாகாது. அதனை உறுதி செய்யும் பொறுப்பு நெறியாளருடையது.

நெறியாளரும், அந்நிறுவனத்தில் பணிபுரியாத வெளித் தேர்வாளர் இருவரேனும் ஆய்வேட்டை மதிப்பிடுவர். இயலுமாயின் அவருள் ஒருவர் வெளிநாட்டவராக இருப்பது நலம் என்று ஒழுங்குமுறை கருதுகிறது. வெளித் தேர்வாளர் இருவரும் ஏற்பதாகப் பரிந்துரைத்தாலன்றி வாய்மொழித் தேர்வு நடைபெறாது. ஒருவர் மறுத்தால், மாற்றுத் தேர்வாளர் ஒருவரிடம் அனுப்பப்படும். அவரும் மறுத்தால், ஆய்வேடு தள்ளப்படும். வாய்மொழித் தேர்வை இணைய வழியிலும் நடத்தலாம். இவையனைத்தும் ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடிதல் வேண்டும்.

இவ்வாறு மாதக் கெடு பல்கலைக் கழகத்திற்கு விதிக்கப்பட்டது. மாணவர் கெடுவைத் தவறவிட்டால் பதிவை இழக்கிறார். நிறுவனம் தன் கெடுவைத் தவறவிட்டாலும் காத்திருந்து இழப்பவர் மாணவரே. தேர்வாளர் பட்டியலுக்கு ஒப்புதல் பெறுவதில் ஒரு மாதம், கோப்பு மேசைக்கு மேசை செல்வதில் ஒரு மாதம், தேர்வாளருக்கு நினைவூட்ட மறந்ததில் இரண்டு மாதம் என்று காலம் கரைகிறது. இணைப் பேராசிரியர் போன்ற பதவிகளுக்கு முனைவர் பட்டம் கட்டாயம். உதவிப் பேராசிரியர் பணிக்கு 2023 ஜூலை முதல் நெட், செட், ஸ்லெட் தேர்வுகளுள் ஒன்றில் தேறியிருப்பதே குறைந்தபட்சத் தகுதி என்று மாற்றப்பட்டிருப்பினும், தெரிவில் முனைவர் பட்டத்திற்குரிய மதிப்பு குறைந்துவிடவில்லை. ஆய்வேட்டை ஒப்படைத்தும் பட்டம் கையில் இல்லாமையால் ஒரு நேர்முகத் தேர்வைத் தவறவிடுபவர்க்கு அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்று கூற இயலாது.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து மாணவர்க்கான கருத்துகள் சில தோன்றுகின்றன. சேர்ந்த முதல் மாதத்திலேயே மானியக் குழுவின் ஒழுங்குமுறையையும், தம் பல்கலைக் கழக விதியையும் பெற்றுப் படித்தல் வேண்டும். ஆறு ஆண்டு என்பது ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாள் வரையிலா, பட்டம் அறிவிக்கும் நாள் வரையிலா என்பதை எழுத்தில் கேட்டறிதல் வேண்டும். நெறியாளர் ஓய்வு பெறும் ஆண்டைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். பருவ அறிக்கைகளின் படிகளைத் தேதி வரிசையில் பாதுகாத்தல் வேண்டும். முகவரி மாறினால் அன்றே தெரிவித்தல் வேண்டும். உதவித்தொகை முடியும் மாதத்தையே தமது உண்மையான கெடுவாகக் கொள்ளல் நலம்.

அதிகாரிகளுக்கும் சில உண்டு. காலம் முடிவதற்கு ஓராண்டு முன்பும் ஆறு மாதம் முன்பும் மாணவருக்கும் நெறியாளருக்கும் அறிவிப்பு அனுப்பும் ஏற்பாடு எளியது, செலவற்றது. தேர்வாளர் பட்டியலை ஆய்வேடு வந்தபின் தேடாது, முன்னோட்ட உரை முடிந்ததும் தயாரித்து வைத்தல் சாத்தியமே. ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் சேர்ந்தோர், முடித்தோர், விலகியோர், மறுபதிவு பெற்றோர் தொகையை வெளியிடுமாயின், புதிதாகச் சேர வருவோர் அறிந்து தெரிந்தெடுப்பர். உதவித்தொகை நின்றபின் வரும் எழுத்துக் காலத்திற்கு, முன்னேற்றத்தை நிரூபித்தோர்க்கு மட்டும், ஆறு மாதம் அல்லது ஓராண்டு உதவி அளிப்பது பற்றி ஆராயலாம். முன்பே செலவிட்ட ரூ. 24 இலட்சத்தைப் பயனுடையதாக்க மேலும் ரூ. 5 இலட்சம் செலவிடுவது வீண் செலவு ஆகாது. மாதம் ரூ. 42,000 வீதம் ஓராண்டுக்கு ரூ. 5,04,000 என்பதே அக்கணக்கு.

முடிவுரை

கால வரம்பைத் தளர்த்த வேண்டும் என்போரும், இறுக்க வேண்டும் என்போரும் உளர். இருசாராரும் மறக்கலாகாத உண்மை ஒன்று உண்டு. மூன்று ஆண்டில் அவசரமாக எழுதப்பட்ட வெற்று ஆய்வேட்டினால் நாட்டுக்குப் பயனில்லை. பத்து ஆண்டு கடந்தும் எழுதப்படாத நல்ல ஆய்வேட்டினாலும் பயனில்லை. தரமும் காலமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமாயின், மாணவர், நெறியாளர், பல்கலைக் கழகம் ஆகிய மூவரும் தத்தம் கெடுவைக் காத்தல் வேண்டும். முதல்வர் தவறினால் தண்டிக்கும் விதி இருக்கிறது. ஏனைய இருவரும் தவறினால் கேட்கும் முறையையும் வகுத்துக்கொள்வோமாயின், இன்று பதிவேட்டில் உள்ள இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களில் பெரும்பாலானவை பட்டம் பெற்றோர் பட்டியலிலும் இடம் பெறும் என்று நம்பலாம்.